ஆற்றோரத்து மஞ்சள் மெத்தை

நேபாளத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நன்றாகத் தூங்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது.

போடியில் எங்களுக்குப் பூச்சிமருந்துக் கடை. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களும் கீழே ராசிங்காபுரம் பக்கத்து விவசாயிகளும்தான் வாடிக்கை. அந்த வருஷம் மழை விடாமல் பிடித்ததில் ஏலச்செடியெல்லாம் அழுகல் விழுந்து, கடையில் மருந்து நிற்காமல் ஓடியது. கம்பெனி வைத்திருந்த டார்கெட்டை நான் எதுவும் மெனக்கெடாமலேயே கடை தாண்டிவிட்டது. அப்படித் தாண்டிய கடைக்காரர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவது இந்தத் தொழிலில் வழக்கம். முன்பெல்லாம் என் கணவர் போய் வருவார். இந்தத் தடவை என் பெயரைப் போட்டுவிட்டதாகக் கம்பெனி ஆபீசர் வந்து சொன்னபோது, நான் கல்லாவில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தபடியே அரைத்தூக்கத்தில் இருந்தேன்.

"எனக்கு முடியாது சார். வீட்ல அவுகள யாரு பாப்பா?"

"ஒரு வாரந்தான மேடம். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட்கூட வேணாம். ஓட்டர் ஐடி போதும்."

அவுக என்று நான் சொன்னது என் கணவரை. சில வருஷங்களுக்கு முன்பு, குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் சின்னத் தோட்டத்திலிருந்து அவர் இறங்கி வந்த ஜீப் வளைவில் சறுக்கிச் சரிவில் உருண்டது. ஓட்டியவர் கை ஒடிந்து தப்பினார். இவருக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது, சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்குவது எல்லாம் நான்தான். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்று இரவிலும் எழுந்து எழுந்து புரட்ட வேண்டும். விடிந்தால் கடை.

ஆள் வைக்கலாம் என்று பெங்களூரில் இருக்கும் மகள் ஒவ்வொரு போனிலும் சொல்வாள். அவர்தான் சம்மதிக்கவில்லை. "வெளியாளு கை எம்மேல படக் கூடாது" என்பார். ஏன் என்று கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக நடமாடிய மனிதர், சந்தையில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் வைத்த மனிதர், இன்னொருவன் முன்னால் துணியில்லாமல் கிடக்கக் கூசுகிறார். அதில் என்ன தப்பு என்று நானும் வற்புறுத்தவில்லை.

என்னை அனுப்பி வைத்தது என் மதினி, அவருடைய அக்கா. ராசிங்காபுரத்திலிருந்து மஞ்சப்பையோடு வந்து இறங்கினார். "ஏத்தா, கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தியா? போயிட்டு வா. எந் தம்பிய நான் பாத்துக்கிறேன். அக்கா கைகூடவா ஆகாது அவனுக்கு?" என்றார். என் கணவரும் படுக்கையிலிருந்தபடியே "போயிட்டு வா புள்ள" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழுவில் தேனி, கம்பம், சின்னமனூர் கடைக்காரர்கள். சிலர் மனைவியோடு வந்திருந்தார்கள். மூன்று வேளையும் நம் சாப்பாடு போட ஒரு சமையல்காரரையும் கம்பெனி கூடவே கூட்டி வந்திருந்தது. எனக்குத் தெரிந்த முகம் கம்பத்து அண்ணன் ஒருவர்தான். என் கணவருக்குப் பழைய சிநேகிதர், கம்பத்தில் உரக்கடை. எங்கே போனாலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும். காட்மாண்டுவில் கோயில் பார்த்தார்கள், கடைவீதி பார்த்தார்கள், பாசிமணி வாங்கினார்கள். நான் பஸ்சில் தூங்கினேன், கோயில் வாசலில் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்து தூங்கினேன். ஹோட்டல் அறையில்தான் தூக்கம் வரவில்லை. மெத்தை பஞ்சாக இருந்தது, ஒரு சத்தம் இல்லை, யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது.

கடைசிக்கு முந்தின நாள், மலைக்குள் ஒரு இடத்துக்குப் போனோம். அகலமில்லாத ஆழமான பள்ளத்தாக்கு, அடியில் நுரைத்து ஓடும் ஆறு, இரண்டு பக்கத்து மலையையும் இணைத்து ஒரு தொங்கு பாலம். காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தப் பாலத்திலிருந்து தலைகீழாகக் குதிக்கிறார்கள். கயிறு ரப்பர் போல இழுபட்டு, ஆற்றைத் தொடுவதற்குள் ஆளை மேலே தூக்கி எறிகிறது. ஆட்டம் நின்றதும் மெல்லக் கீழே இறக்குகிறார்கள்.

கம்பத்து அண்ணன் புறப்பட்ட நாளிலிருந்தே குதிக்கப் போகிறேன், குதிக்கப் போகிறேன் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆபீசர் அவருக்கும் இன்னும் சிலருக்கும் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தார். அண்ணனின் மனைவி அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

பாலத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பாலம் காற்றுக்கு லேசாக ஆடியது. மலைச்சரிவு எனக்குப் புதிதில்லை. குரங்கணிக்கு மேலே ஏலக்காட்டில் ஒரு காலை ஊன்றினால் மறுகாலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடந்தவள். அதனால் எட்டிப் பார்க்கப் பயமில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் குதித்தாள். பிறகு ஒரு பையன் கத்திக்கொண்டே குதித்தான். எல்லோரும் குதிப்பதைப் படம் எடுத்தார்கள். நான் அதற்கு அடுத்து நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றோரத்தில் மணல் திட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு மெத்தை விரித்திருந்தார்கள். கயிற்றில் இறங்கும் ஆளைக் கீழே இருக்கும் இரண்டு பேர் பிடித்து அந்த மெத்தையில் படுக்கவைத்தார்கள். அந்த ஆள் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு அப்படியே கிடந்தார். அவர்கள் குனிந்து நிதானமாகக் கட்டுகளை அவிழ்த்தார்கள். படுத்திருந்தவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அண்ணனின் முறை வந்தது. காலில் கட்டு, இடுப்பில் கட்டு, தலையில் ஒரு கேமரா. சின்னச் சின்ன அடியாக விளிம்புவரை நகர்ந்தார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் கீழே பார்த்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டு கட்டிய ஆள் அவர் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அண்ணன் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அவரைப் பின்னால் இழுத்துக் கட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். வந்து ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். சின்னமனூர்க்காரர் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, யாரும் கூடச் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

"ஒரு இடம் சும்மா போகுதே. வேற யாராச்சும் போறீங்களா?" என்றார் ஆபீசர்.

"நான் போறேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன்தான் முதலில் எழுந்து வந்தார். "தங்கச்சி, வேணாம். வெளையாட்டு இல்ல இது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

தைரியம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அது தைரியமே இல்லை. எனக்கு அந்த மெத்தையில் போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது. அங்கே போக வேறு வழி இருந்திருந்தால் அந்த வழியில் போயிருப்பேன்.

எடை பார்த்து, புறங்கையில் சிவப்பு மையால் எழுதினார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சுடிதாரின் துப்பட்டாவை வாங்கி அண்ணனின் மனைவி தன் பையில் வைத்துக்கொண்டார். கணுக்காலில் துண்டைச் சுற்றி அதன் மேல் வாரால் இறுக்கினார்கள். இரண்டு காலும் ஒன்றாகிவிட்டதால் நடக்க முடியவில்லை. அந்த ஆள் என் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, விளிம்புக்கு நகர்ந்தேன். இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. கையை விரித்துக் காட்டினார். நானும் விரித்தேன். பிடித்திருந்த கை விலகியது தெரிந்தது. எனக்குக் குதிக்கத் தெம்பில்லை. முன்னால் சாய்ந்தேன், அவ்வளவுதான்.

காதில் காற்று. ஆறு வேகமாகப் பெரிதானது. மகளோ, கடையோ, சாமியோ, எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு இழுப்பில் காலிலிருந்து முதுகுவரை நரம்பு விண்ணென்றது. மேலே போனேன், மறுபடி விழுந்தேன், மறுபடி மேலே. ஆட்டம் குறையக் குறைய நினைப்பு திரும்பியது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். முகத்தில் ரத்தம் ஏறிக் கண் பிதுங்குவது போலிருந்தது. அப்போதுதான் என் கணவரை நினைத்தேன். அவர் விழுந்தபோது காலில் கயிறு இல்லை. இத்தனை வருஷமாக அவர் உடம்பைக் கழுவியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன். விழும்போது என்ன நடந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மெல்ல இறக்கினார்கள். கீழே நின்றவர்களில் ஒருவர் நீளமான மூங்கிலை நீட்டினார். அதைப் பிடித்ததும் என்னைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். ஒருவர் தோளைத் தாங்கினார். இன்னொருவர் என் தலை மெத்தையில் இடித்துவிடாமல் உள்ளங்கையைப் பின்தலைக்கு அடியில் கொடுத்து, மெதுவாக இறக்கிவிட்டுக் கையை உருவிக்கொண்டார். "தீதி, ஓகே?" என்றார். அக்கா என்று கூப்பிடுகிறார் என்பது புரிந்தது. தலையை ஆட்டினேன். கணுக்கால் கட்டை அவிழ்த்தார்கள், இடுப்பு வாரை அவிழ்த்தார்கள். நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. நான் தினமும் இன்னொரு உடம்புக்குச் செய்வதை என் உடம்புக்கு இரண்டு பேர் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் யாரோ, நான் யாரோ. எனக்குக் கூச்சம் வரவில்லை. கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அவர்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள் போல வேறு பக்கம் திரும்பி நின்றார்கள்.

அடுத்த ஆள் வர வேண்டும் என்று சைகை காட்டியதும் எழுந்து விலகினேன். மேலே போக மலையோரமாக ஒற்றையடிப் பாதை இருந்தது. கொஞ்சம் தள்ளி வெயிலில் காய்ந்த பெரிய பாறை ஒன்று தட்டையாகக் கிடந்தது. ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். அப்படியே சாய்ந்து தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது கம்பத்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. என்னைக் காணவில்லை என்று பயந்து, அந்தப் பாதை முழுக்க இறங்கி வந்திருக்கிறார்.

"எழுப்பியிருக்கலாம்லண்ணே."

"நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்த. மனசு வரல." கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "என்னால முடியலத்தா. காலு நகரவே மாட்டேன்னுருச்சு."

"அதனால என்னண்ணே."

"ஊர்ல சொல்லிச் சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுப் போறாங்க. மதினி காலையிலிருந்து பச்சத் தண்ணி குடிக்கல. மேல போய் மொதல்ல அவகளச் சாப்பிட வைங்க."

ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. வளைவுக்கு வளைவு நின்றேன். தூங்கி எழுந்த உடம்பு எனக்கு லேசாக இருந்தது.

போடிக்குத் திரும்பிய அன்று மதினி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அவர் முகம் என் முகம் போல ஆகியிருந்தது. "எப்படித்தான் ஆத்தா இத்தன வருஷம் ஒத்தையில தூக்குன? எனக்கு இடுப்பு வுட்டுப்போச்சு. இவன் ஒரு ஆள வைக்க வுட மாட்டேங்குறான். பேசிப் பேசி வாய்தான் வலிக்குது" என்றார். மறுநாள் காலை பஸ்சுக்கே கிளம்பிவிட்டார்.

குதித்ததை என் கணவரிடம் சொல்வதாக இல்லை. விழுந்து கிடக்கும் மனிதரிடம் போய் நான் பாலத்திலிருந்து விழுந்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் யாரோ எடுத்த வீடியோ கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் அவரைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"நீ சத்தமே போடலையே."

எதைச் சொல்கிறார் என்று புரிந்தது. "போடத் தோணல மாமா."

"பயமா இல்லையா?"

"விழும்போது ஒண்ணும் தெரியல. தொங்கும்போது உங்கள நெனச்சேன்."

துணியைப் பிழிந்து வாளியில் போட்டேன். கேட்காமல் விட்ட கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "உங்களுக்கு எப்படி மாமா இருந்துச்சு?"

"உருண்டது தெரியும். வெளிய விழுந்தது தெரியல. கண்ணு முழிச்சப்ப செடிக்கு நடுவுல கெடந்தேன். வலி உண்டு. ஆனா காலு அப்ப இருந்துச்சு புள்ள. விரல அசைச்சுப் பாத்தேன், அசைஞ்சுச்சு."

துவட்டத் துண்டை எடுத்தவள் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பெறகு நம்ம தோட்டத்தாளுக, பக்கத்துத் தோட்டத்தாளுக எல்லாம் ஓடியாந்தாங்க. வெரசா தூக்கு, வெரசா தூக்குன்னு சத்தம். ஒருத்தன் கைய, ஒருத்தன் கால. மூட்டையைத் தூக்கி லோடு ஏத்துற மாதிரி ஏத்துனாங்க. அந்தத் தூக்குலதான் இடுப்புல ஏதோ அறுந்துச்சு. அதோட காலு போச்சு."

"ஏன் மாமா இத்தன நாளு சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? அவங்க வரலைன்னா அங்கயே செத்துருப்பேன். காப்பாத்துன ஆளுகளப் போய்க் குத்தம் சொல்ல முடியுமா? அதுல ரெண்டு பேரு இன்னும் நம்ம தோட்டத்துலதான் சோலி பாக்குறாங்க. நல்ல நாளுக்கு வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆனா எவனாச்சும் என்னத் தூக்க வந்தா, உடம்பு அதத்தான் நெனைக்குது. நான் என்ன செய்ய?"

கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம். அது தெரிந்ததும் எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை, இரக்கமும் பெரிதாக வரவில்லை. கால் வலித்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆற்றோரத்தில் என்னை இறக்கிய இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். மெத்தைக்கும் தலைக்கும் நடுவில் ஒருவர் கையைக் கொடுத்தது, ஓகேயா என்று கேட்டது, நான் அழுதபோது திரும்பி நின்றது, பிறகு பாறையில் தூங்கிப்போனது எல்லாம் சொன்னேன். "எனக்குப் படுக்கணும் போல இருந்துச்சு மாமா. அதுக்காகத்தான் குதிச்சேன்" என்றும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் கடைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"உம் மக ஒரு ஆளச் சொன்னாளே, தேனி ஆஸ்பத்திரியில வேல பாத்தவருன்னு. வரச் சொல்லு. ஒருநா பாப்போம். சரிப்பட்டு வரலைன்னா நிப்பாட்டிருவேன்."

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தடித்த கைகள், ஓயாத வாய். கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, இப்ப ஒங்க தோளுக்கடியில கை குடுக்கப் போறேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் தூக்குவேன்" என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். என் கணவர் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்தது. ரொம்ப நேரம் கழித்து "சரி" என்றார். தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தபோது இருவருமே மூச்சு விட்டார்கள். இரண்டாம் நாள் அவரை வர வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த நாள் மறுபடி வரச் சொன்னார். அப்படி இழுபறியாக ஒரு மாதம் போய், பிறகு தினமும் விடிகாலையில் வருவது என்று ஆனது.

இரவில் எழுந்து புரட்டுவது இன்னும் நான்தான். கடையும் இருக்கிறது. அலுப்பு ஒன்றும் போய்விடவில்லை. ஒரு வாரத் தூக்கத்தில் தீரக்கூடிய அலுப்பும் இல்லை அது. ஆனால் காலையில் அந்த ஆள் வந்து கதவைத் தட்டியதும், திறந்துவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். தூங்குகிறேன் என்று சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் விலையிலிருந்து முனிசிபாலிட்டி தண்ணீர்வரை இருவரும் வாக்குவாதம் செய்வது காதில் விழுந்துகொண்டே இருக்கும். நேற்று, தண்ணீர் ஆறிப்போய்விட்டது என்று அவர் அந்த ஆளைச் சத்தம் போட்டார். "கொஞ்சம் பொறுங்கண்ணே, சுடுதண்ணி கொண்டாறேன்" என்று அந்த ஆள் அடுப்படிக்குப் போவது கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.